பின்கேட்டில் எண்ணிய தண்ணீர்

அந்த வருஷம் எங்கள் கம்பெனிக்கு லட்சியம் என்று ஒன்று தபாலில் வந்தது. காருக்கு ரப்பர் குழாய் செய்கிற கம்பெனி அது. எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள்: இனி மின்சாரம், தண்ணீர், குப்பை மூன்றையும் அளக்க வேண்டும், எவ்வளவு குறைப்பீர்கள் என்று இலக்கு வைக்க வேண்டும், மாதாமாதம் கணக்கு அனுப்ப வேண்டும். மேனேஜர் சார் எல்லோரையும் கூட்டி அதைப் படித்துக்காட்டிவிட்டு, "ஈ பனி எவரு சேஸ்தாரு?" என்று தெலுங்கில் கேட்டார். வேலையை யார் செய்வது என்றதும் இருபது பேரும் மேசையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

தூக்கியதற்குக் காரணம் அறிவு இல்லை, ஆத்திரம். ஆந்திர எல்லையில், தடாவிலிருந்து சத்தியவேடு போகிற பக்கத்தில், வேர்க்கடலை போட்டிருந்த காடுகளின் மேல் எங்கள் கம்பெனியும் இன்னும் பல கம்பெனிகளும் எழும்பியிருந்தன. அதற்கு முன்பு எங்கள் ஊர்க்காரர்கள் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போனார்கள். கம்பெனிகள் வந்த பிறகு ஒடிசாக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். காலையில் பஸ் வந்து ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. புத்தூரில் வேதியியல் படித்துவிட்டு நானும் ஏறினேன். ரப்பர் குழாயை இழுத்துப் பார்த்து, எப்போது கிழிகிறது என்று எழுதுவதுதான் என் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கம்பெனிக்குத் தண்ணீர் தினமும் டேங்கர் லாரியில் வந்தது. அந்தத் தண்ணீரை இறைத்த போர்வெல் எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருந்தது.

அந்தக் கரைக்குக் கீழேதான் எங்கள் அரை ஏக்கர். என் நைனா பாதி ஆயுள் பிறர் களத்தில் நெல் அளந்து கூலி வாங்கினவர். பிறகு சர்க்கார் கொடுத்த பட்டாவில் அந்த அரை ஏக்கர் வந்தது, கூடவே பக்கத்து நிலத்துக்காரரோடு ஒரு கல் கிணற்றில் பங்கும் வந்தது. எலி வளையானாலும் தனி வளை என்று நாங்கள் கொண்டாடினோம். அந்தக் கிணற்றில் உள்ளே இறங்கக் கருங்கல் படிகள் உண்டு. எத்தனை படி வெளியே தெரிகிறதோ, அத்தனை படிக்குக் கீழே தண்ணீர். நைனா தினமும் காலையில் எண்ணுவார். நான் பஸ்ஸில் இருக்கும்போது போன் செய்வார்.

"பத்தொம்பது தெரிதும்மா."

"நேத்து பதினெட்டு சொன்ன?"

"நேத்து பதினெட்டு. இன்னிக்கு ஒண்ணு எறங்கிகினு கீது. உங்க கம்பெனிக்காரங்களாண்ட சொல்லு."

யாரிடம் சொல்வது? நான் குழாய் கிழிக்கிறவள். லட்சியம் தபாலில் வந்தபோது, சொல்ல ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

இலக்கு இப்படி முடிவானது. போன வருஷம் எவ்வளவு டேங்கர் தண்ணீர் வந்ததோ, அதில் கால் பங்கை இந்த வருஷம் குறைக்க வேண்டும். குறைத்தால், கூரை மழைநீரைப் பிடிக்கக் குழாயும் பெரிய குளமும் தலைமை அலுவலகம் கட்டித் தரும், டேங்கரே வேண்டியிருக்காது. குறைக்காவிட்டால் அந்தக் குளம் வேறு ஊர் ஃபேக்டரிக்குப் போகும். கால் பங்கு! அதைச் செய்துவிட்டால் எங்கள் கிணற்றுப்படிகள் மூழ்கும்.

முதல் தடை முதல் நாளே வந்தது. போன வருஷம் எவ்வளவு டேங்கர் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. டேங்கர்காரருக்கு மாதக் குத்தகை. எத்தனை நடை அடித்தாலும் ஒரே குத்தகை என்பதால் நடையை எண்ண ஆளில்லை. ஸ்டோரில் கேட்டேன், அக்கவுண்ட்ஸில் கேட்டேன், கையை விரித்தார்கள். கடைசியில் பின்கேட்டுக்குப் போனேன். அங்கே செக்யூரிட்டி ஓர் அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். யூனிஃபார்ம் தொப்பியைக் கொண்டையின் மேல் நிற்க வைக்க அவர் படும் பாடு பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

"டேங்கர் எத்தினி வந்திச்சின்னு யாருனா எழுதி வெச்சிருப்பாங்களா அக்கா?"

"யாருனா இன்னா, நான்தான் எழுதிகினு வரேன்."

அவருடைய சிறிய அறையில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. தாளைக் கிழித்ததும் எறியாமல், பின்பக்கம் அன்றைய டேங்கர்களைக் குறித்து, ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. கேட்டைத் திறக்கிறோம், எத்தனை முறை திறந்தோம் என்று தெரிய வேண்டாமா என்பது அவர் வாதம். போன வருஷம் முழுவதும் அந்தக் கம்பியில் இருந்தது! அக்காவைக் கட்டிப்பிடித்தேன், தொப்பி கீழே விழுந்தது.

கம்பியை அப்படியே லேபுக்குத் தூக்கி வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அநேகமாக ஒவ்வொரு தாளின் பின்னாலும் முதலில் 'லா' என்று ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் கோடுகள். பெரும்பாலும் மூன்று கோடு. வெயில் நாளில் நான்கு, பண்டிகை சமயத்தில் ஒன்றோ இரண்டோ. 'லா' என்றால் லாபம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. காலண்டரின் முன்பக்கம் ராசிபலன் இருக்கிறதே, மேஷம் வரவு, ரிஷபம் செலவு என்று. அக்கா தன் ராசியைப் பார்த்து எழுதிக்கொள்கிறார் போலும் என்று நினைத்தேன். இல்லையென்றால் கடைக்காரர்கள் கணக்கு நோட்டின் தலையில் எழுதுவது போல மங்கலத்துக்கு எழுதியிருப்பார். என்ன அதிர்ஷ்டமான ராசியோ, தினமும் லாபம் என்று சிரித்தபடி கோடுகளை மட்டும் எண்ணி ஏற்றினேன். சராசரி நாளைக்கு மூன்று டேங்கர். அதுதான் அடிப்படைக் கணக்கு என்று மேலே அனுப்பினோம்.

இந்த வருஷத்துக்குக் கோடு போதாது என்று தொட்டி வாயில் மீட்டர் பொருத்தினார்கள். பளபளக்கும் வெண்கல மீட்டர். தினமும் காலையில் அதைக் குனிந்து படிப்பது எனக்குப் பூஜை மாதிரி ஆகிவிட்டது. பிறகு வேட்டை ஆரம்பித்தது. கூலிங் டவரில் மிதவை வால்வு பழுதாகி, பகலெல்லாம் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வழிகிற இடத்தைக் கண்டுபிடித்த அன்று ஒடிசாக்கார ஃபிட்டரும் நானும் பாஷை தெரியாமலே அரை மணி நேரம் பேசிக்கொண்டோம். கேன்டீனில் ஓடும் குழாய்க்குக் கீழே தட்டுக் கழுவுவதை நிறுத்தி மூன்று தொட்டி வைத்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த டைரக்டருக்கு முன்வாசல் புல்தரை உயிர். அதற்கு டேங்கர் தண்ணீர் ஊற்றுவது பாவம், சுத்திகரித்த கழிவுநீரை ஊற்றலாம் என்று சண்டை போட்டேன். நாறும் என்றார்கள். ஒரு டம்ளரில் பிடித்துக் கொண்டுபோய் டைரக்டர் மேசையில் வைத்து மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் பயந்து போய்ச் சம்மதித்தார்.

இவ்வளவும் செய்துவிட்டு, வருஷம் முடியப் பத்து நாள் இருக்கையில் மீட்டர் கணக்கைக் கூட்டி, டேங்கர் அளவால் வகுத்தேன். நாளைக்கு மூன்று டேங்கர். போன வருஷமும் மூன்று. இந்த வருஷமும் மூன்று.

நான்கு தடவை கூட்டினேன். கம்ப்யூட்டர் வரைந்த இரண்டு தூண்களும் தோளோடு தோள் ஒரே உயரத்தில் நின்றன. கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா சொல்ற? முன்ன நாலு வண்டி வந்துகினு இருந்திச்சி. இப்ப மூணுதான வர்து?"

"உங்களுக்கு நல்லாத் தெரியுமா, கம்ப்யூட்டருக்கு நல்லாத் தெரியுமா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் மறுபடி தட்டை எடுத்தார். அந்தப் பேச்சுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். என் வாய் அப்படி.

கோபத்தோடு பின்கேட்டுக்குப் போய் நின்றேன். டேங்கர்காரர்தான் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று கங்கணம். காலை வெயிலில் முதல் டேங்கர் வந்து ஹாரன் அடித்தது. அக்கா தொப்பியைப் பிடித்தபடி கேட்டைத் திறந்தார். லாரி உள்ளே போகையில் அதன் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டி, "லாபம்!" என்று உரக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய் அன்றைய தாளின் பின்னால் 'லா' என்று எழுதினார்.

நான் அந்தத் தாளை எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, இப்ப இன்னா எழுதினீங்க?"

"மொத வண்டி வந்துச்சில்ல, அத்த எழுதினேன்."

"மொத வண்டிக்குக் கோடு போடலியே?"

"மொதல் அளவ யாருனா ஒண்ணுன்னு எண்ணுவாங்களா? லாபம்னுதான எண்ணணும். ரெண்டாவதுலேந்து கோடு." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேர்க்கடலை அளந்து கூலி வாங்கின வூட்டுல பொறந்தவ நானு. நீ களத்து மோட்டாண்ட போனதே இல்லியா?"

போனதே இல்லையா! நெல் அளக்கிறவருடைய மகள் நான். களத்தில் நைனா முதல் மரக்காலை அள்ளிக் கொட்டி "லாபம்" என்பார், அடுத்ததற்கு "ரெண்டு", அதற்கடுத்ததற்கு "மூணு". ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். களத்தில் அந்தச் சொல் எனக்கு எண்ணாகக் கேட்டது, காகிதத்தில் ராசிபலனாகத் தெரிந்தது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டு வேலையையும் ஒருத்தியாகவே செய்திருந்தேன். போன வருஷத்தின் ஒவ்வொரு நாளிலும் முதல் டேங்கரைக் காணாமல் அடித்திருந்தேன். அப்படியானால் போன வருஷம் நாளைக்கு மூன்று இல்லை, நான்கு! நான்கிலிருந்து மூன்று! கால் பங்கு!

கத்திவிட்டேன். டிரைவர் பிரேக் போட்டார்.

ஆனால் கத்தினால் போதுமா? இது உண்மை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டும். மீட்டர் வந்த பிறகும் அக்கா பழக்கத்தை விடாமல் இந்த வருஷத் தாள்களையும் குத்தி வைத்திருந்தார். அந்தக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு லேபுக்கு ஓடினேன். ஒரு தாளை உருவினேன்: லா, இரண்டு கோடு. அந்த நாளின் மீட்டரைப் பார்த்தேன்: மூன்று டேங்கர். இன்னொரு தாள்: லா, மூன்று கோடு. மீட்டர்: நான்கு. இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றும் டக் டக்கென்று பொருந்தியது. வாழ்க்கையில் எனக்கு வாய்த்த சந்தோஷங்களைப் பட்டியல் போட்டால் அந்த ஒரு மணி நேரத்தைக் கல்யாணத்துக்கு மேலே வைப்பேன். என் கணவருக்கும் இது தெரியும்.

மேனேஜர் சார் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். அவர் திருப்பதிக்காரர், கெட்டவர் இல்லை, பயந்தவர். "இப்புடா செப்பேதி?" என்றார். இப்போது வந்தா சொல்வது என்பது அவர் கேள்வி. வருஷ முடிவில், சோதிக்க ஆள் வரும் நேரத்தில், போன வருஷக் கணக்கை ஏற்றிக் காட்டினால் யார் நம்புவார்கள்? இலக்கை எட்ட முடியாமல் பழைய கணக்கைத் திருத்தினோம் என்பார்கள். மின்சாரமும் சந்தேகம், குப்பையும் சந்தேகம் ஆகிவிடும். பேசாமல் விட்டுவிடலாம், அடுத்த வருஷம் மறுபடி முயற்சிக்கலாம் என்றார்.

"அடுத்த வருஷம் குளம் நமக்கு வராது சார். நானே சொல்றேன், தப்பும் என்னுதுன்னே சொல்றேன்."

"சொல்லிக்கோ. ஆனா நாளைக்கு உன் வேலை போச்சுன்னா நன்னு அடகொத்து," என்றார் பாதி தமிழ் பாதி தெலுங்கில். என்னைக் கேட்காதே என்று அர்த்தம்.

அன்று காலையில் நைனா சொன்ன எண்ணிக்கை இருபத்திரண்டு. வேலை போனால் வேறு பஸ்ஸில் ஏறிக்கொள்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோதிக்க வந்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாள். பருத்திச் சேலை, கண்ணாடி, சிரிப்பே கிடையாது. நான் எழுந்து, அடிப்படைக் கணக்கு தவறு, தவறு செய்தவள் நான் என்று ஆரம்பித்து, லாபக் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ரொம்ப வசதியான தவறு," என்றார். மேனேஜர் சார் ஃபேனைப் பார்த்தார்.

இரண்டு கம்பியையும் அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே எடுங்க மேடம். நான் தொட மாட்டேன்."

இந்த வருஷக் கம்பியிலிருந்து கண்டபடி பத்துத் தாள்களை உருவி, மீட்டர் நோட்டோடு ஒப்பிட்டார். பத்தும் பொருந்தின. ஆனாலும் அவர் விடவில்லை. போன வருஷம் 'லா' வெறும் மங்கல எழுத்தாக இருந்திருக்கலாமே என்றார். நியாயமான கேள்விதான். அவரே போன வருஷக் கம்பியைப் புரட்டினார். யுகாதி நாள் வந்தது. அன்று கம்பெனி மூடல், டேங்கர் இல்லை. தாளின் பின்பக்கம் வெறுமை, 'லா'கூட இல்லை. மங்கலத்துக்கு எழுதுகிறவர் யுகாதியன்றா எழுதாமல் விடுவார்? அம்மாள் இன்னும் புரட்டினார். பொங்கலுக்கு மறுநாள் தாளில் 'லா' மட்டும் இருந்தது, ஒரு கோடுகூட இல்லை. என் கம்ப்யூட்டர் கணக்கில் அன்றைக்கு சைபர்.

"அன்னைக்குக் கேன்டீன் இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்திச்சி மேடம். ஒரு ஷிஃப்ட் ஓடிச்சி."

"சைபர் தண்ணீரில் சமைத்தீர்களா?"

அவர் உதட்டோரம் முதல் முறையாக லேசாகச் சிரிப்பு தெரிந்தது. பின்கேட் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அக்கா தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். நீங்கள் எழுதியதெல்லாம் உண்மைதானா என்று கேட்டதும் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யாரும் கேக்காத கணக்கும்மா இது. பொய் எழுதி எனுக்கு இன்னா ஆவப் போவுது? எழுதாம குந்திகினு இருந்திருந்தாலும் அதே சம்பளந்தான்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கணக்கைத் திருத்த ஒப்புக்கொண்டார். தவறுக்கு விளக்க அறிக்கை கேட்டார், இங்கிலீஷில். அதில் 'லாபம்' என்பதை எப்படி எழுதுவது என்று ஒரு மத்தியானம் முழுக்கத் திண்டாடினோம். அப்படியே மொழிபெயர்த்தால் நாம் தண்ணீர் விற்றுப் பணம் பார்த்ததாக நினைப்பார்கள் என்று மேனேஜர் சார் பயந்தார். கடைசியில், "எங்கள் பகுதியில் முதல் அளவை எண்ணால் எண்ணுவதில்லை, இந்த வழக்கம் தெரிந்திருந்தும் நான் கவனிக்கவில்லை" என்ற பொருளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை. மறுநாள் கேன்டீன் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "கம்ப்யூட்டரு இன்னா சொல்லுது?" என்றார், தட்டைக் கழுவிக்கொண்டே. அதையும் வாங்கிக்கொண்டேன்.

குளம் எங்களுக்கே வந்தது. கூரையிலிருந்து குழாய்கள் இறங்கின, கோடையில் தோண்டி முடித்தார்கள். ஐப்பசியில் பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து மழை கிளம்பி வந்து மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஆபீஸே ஜன்னலில் நின்று, குளம் ஏறுவதை கிரிக்கெட் பார்ப்பது போலப் பார்த்தது. டைரக்டர் குடை பிடித்துக்கொண்டு தன் புல்தரையில் நின்றார். டேங்கர் அன்றோடு நின்றது. பின்கேட் அக்கா வெறும் தாளையும் கம்பியில் குத்திக்கொண்டுதான் இருந்தார், கேட்டதற்குப் பழக்கம் என்றார்.

போர்வெல் நின்றதும் கிணறு உடனே ஊறிவிடவில்லை. அந்த மழையும் அதற்குப் பிறகு வந்த மழையும் வேண்டியிருந்தது. நடுவில் ஊருக்கே என் கதை தெரிந்துபோய், நைனாவுக்கு அது தினசரி வேடிக்கை ஆகியிருந்தது. கார்த்திகையில் ஒருநாள் காலை, மீட்டர் நோட்டோடு நான் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது.

"எத்தினி படி நைனா?"

"இரு, படிமேல நின்னுகினுதான் கீறேன், எண்ணியே காட்டறேன். நீ வேற கணக்குல தப்பு பண்ணுவ." ஒவ்வொரு படியாக அவர் இறங்குவது கேட்டது. "லாபம்..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு... மூணு... நாலு..."

ஐந்துக்காகக் காத்திருந்தேன். சத்தமில்லை.

"நைனா? அஞ்சு?"

"அஞ்சு தண்ணிக்குள்ள கீதும்மா. கால் நனைஞ்சிப் போச்சி."